குன்றின்மேல் ஒரு பண்ணை வீடு

நீலச் சட்டை அணிந்த முயல் ஒன்று அயலார் தோட்டத்தில் புகுந்து கீரையும் முள்ளங்கியும் தின்று, தோட்டக்காரரின் கையில் அகப்படாமல் தப்பி ஓடிய கதையை நம் இல்லத்துப் பிள்ளைகளுள் பலர் படித்திருப்பர். அதை எழுதி, படமும் தீட்டிய பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரைக் குழந்தை நூலாசிரியராக மட்டுமே நாம் அறிவோம். அவரோ தம் வாழ்வின் பிற்பகுதியில், ஆடு வளர்க்கும் உழவராகவே அறியப்பட விரும்பினார். அவரது வாழ்வைத் திசை திருப்பியது ஒரு பழைய பண்ணை வீடு. அந்த வீட்டின் வரலாற்றை எண்ணிப் பார்க்க முற்படுகின்றோம். விலங்குகளை நேசிப்பதும் அவற்றை வளர்த்து விற்று வயிறு வளர்ப்பதும் ஒரே கூரையின்கீழ் நிகழ இயலுமா என்னும் வினாவுக்கு, ஏடுகளைக் காட்டிலும் இவ்வீடு நேரிய விடை கூறுமெனத் தோன்றுகின்றது.

அம்மையார் 1866ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வழியிலும் தாய் வழியிலும் வந்த பொருள், லங்காஷயர் பருத்தி வாணிகத்தில் ஈட்டப்பட்டது. பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே ஆசிரியைகளிடம் பயின்ற அச்சிறுமிக்குத் தோழர்கள் மிகச் சிலரே. ஆறாண்டு இளையவனான தம்பியும், மாடி அறையில் இருவரும் ஒளித்தும் ஒளிக்காமலும் வளர்த்த உயிர்களுமே அவருடைய உலகம். முயல், முள்ளெலி, சுண்டெலி, வௌவால், தவளை, பல்லி எனப் பல அங்கே வாழ்ந்தன. ஒன்றை நாம் மறைத்தலாகாது. வளர்த்த உயிர் இறந்தால் அழுதுவிட்டுப் புதைத்துவிடும் பிள்ளைகள் அல்லர் இவர்கள். உடலை வேகவைத்து, எலும்புகளைப் பிரித்தெடுத்து, மீண்டும் கூடாகக் கோத்து, அளந்து வரைந்தனர். கொடுமை என்று எவரேனும் கருதினால் நாம் வழக்காட மாட்டோம். ஆயினும் சட்டை அணிந்த அந்த முயலின் தோளும் முழங்காலும் மெய்யான முயலினுடையவையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

கோடைதோறும் குடும்பம் நாட்டுப்புறம் செல்லும். 1882இல் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் என்னும் ஏரிகள் நாட்டில், ரே கோட்டையில் தங்கினர். அவ்வூரின் ஆங்கிலிக்கன் சபைக் குருவான ஹார்ட்விக் ரான்ஸ்லி அவர்களின் நட்பு அங்கேதான் கிடைத்தது. மலைகளும் ஏரிக்கரைகளும் செல்வர் சிலரின் வேலிக்குள் அடைபட்டுப் போகும் என்று அஞ்சிப் போராடிய அவர், 1895இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் தேசிய அறக்கட்டளையைத் தோற்றுவித்த மூவருள் ஒருவர். அவர் விதைத்த வித்து முளைக்க நெடுநாள் ஆயிற்று.

முயல் கதை 1902இல் பிரெடரிக் வார்ன் நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்றுப் பெரும் வரவேற்பைப் பெற்றது. நூல்களைப் பதிப்பிக்கும் பணியில் உடனுழைத்தவர் அக்குடும்பத்தின் இளைய மகனான நார்மன் வார்ன். 1905 ஜூலையில் அவர் அம்மையாரை மணக்க விரும்பிக் கடிதம் எழுதினார். பெற்றோர் இசையவில்லை. மணமகன் தொழில் செய்து பிழைப்பவர் என்பது அவர்கள் கண்ட குறை. பருத்தி வாணிகத்தின் பணத்தில் வாழ்ந்தோர் இதைக் கூறியது நமக்கு நகைப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகின்றது. முப்பத்தொன்பது வயதான மகள் மோதிரத்தை ஏற்று அணிந்துகொண்டார். ஆனால் ஆகஸ்ட் 25ஆம் நாள், ஒரு திங்களே கடந்த நிலையில், நார்மன் குருதி நோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 37.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், நூல்களால் வந்த வருவாயும் அத்தை ஒருவர் விட்டுச் சென்ற சிறு தொகையும் கொண்டு, நியர் சாரே என்னும் சிற்றூரில் ஹில் டாப் என்ற பண்ணையை அம்மையார் விலைக்கு வாங்கினார். ‘குன்றின் உச்சி’ என்பது அப்பெயரின் பொருள். 34 ஏக்கர் நிலமும், பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற தடித்த சுவர்களும் கற்பலகைக் கூரையும் உடைய வீடும் அதில் அடங்கும். இலண்டன் சீமாட்டி தகுதிக்கு மிஞ்சிய விலை கொடுத்துவிட்டார் என்று ஊரார் நகைத்தனராம். நிலத்தின் விலையை அவர் அறியாதிருந்திருக்கலாம். தமக்கு என்ன தேவை என்பதை அறிந்திருந்தார்.

பழைய வீட்டைச் செல்வர் ஒருவர் வாங்கினால் அங்கு முன்பே உழைத்து வாழ்ந்தோர் என்ன ஆவர்? பண்ணையை நடத்திவந்த ஜான் கேனன், மனைவி, இரு பிள்ளைகள் ஆகியோர் அவ்வீட்டிலேயே குடியிருந்தனர். அவர்களை வெளியேற்றிவிட்டு வீட்டைத் தமக்குரிய கோடை மாளிகையாக்கிக் கொள்வது எளிது, சட்டமும் தடுத்திராது. அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. 1906இல் பழைய வீட்டின் பக்கத்தில் புதிய கட்டு ஒன்றை எழுப்பிக் கேனன் குடும்பத்தாரை அதில் குடியமர்த்தி, பண்ணை மேலாளராக அவரையே தொடர்ந்து வைத்துக்கொண்டார். பழைய பகுதியைத் தமக்கென வைத்துக்கொண்டு, ஓக் மரத்துப் பழம்பொருள்களைத் தேடி வாங்கி நிரப்பினார். ஆகவே வீடு புதுப்பிக்கப்பட்டது; பண்ணை நின்றுபோகவில்லை. இந்த ஒரு முடிவையே இவ்வரலாற்றின் அச்சாணி என நாம் கருதுகின்றோம். கேனன் இல்லாதிருந்தால் ஹில் டாப்பில் படம் வரையும் அறை இருந்திருக்கும்; வாத்தும் பன்றியும் இருந்திரா.

வீட்டுக்குப் புதிய உரிமையாளர் வருமுன்பே பழைய உரிமையாளர்கள் சுவர்களுக்குள் குடியிருந்தனர். அவை எலிகள். தடித்த கற்சுவர்களின் உள்ளே வளைகளும் வழிகளும் அமைத்துத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கூட்டம் அது. அடுக்களையில் ஓர் எலி அச்சமின்றி அமர்ந்து உண்டதைப் பண்ணைக்காரரின் மனைவி கண்டாராம். நாலைந்து பூனைகள் வேண்டும் என்று அவர் அமைதியாக அறிவித்ததை அம்மையாரே கடிதத்தில் எழுதியுள்ளார். கதவுகளின் அடியில் துத்தநாகத் தகடு அடித்தார்கள். சுவரின் அடிப்பகுதியில் சிமெண்டு பூசினார்கள். இத்தகைய போர் நடக்கும்போதே, இரண்டு எலிகள் ஒரு பூனைக்குட்டியைப் பிடித்து மாவில் உருட்டித் தின்ன முனைவதாகக் கதை ஒன்று 1908இல் வெளிவந்தது. அக்கதையின் படங்களில் வருவது ஹில் டாப்பின் மாடிப்படியும் அடுப்பும்தான். அந்நூலை அவர் காணிக்கையாக்கியது யாருக்குத் தெரியுமா? இளமையில் தாம் வளர்த்து இறந்துபோன சாமி என்னும் வெள்ளெலிக்கு! வளர்ப்பு எலியை நினைந்து உருகிய கையே வளைகளை அடைக்கவும் செய்தது. இதில் முரண்பாடு உண்டு என்று கூறுவோர், தானியமும் பாலும் சேமிக்கும் வீட்டில் வாழ்ந்து பார்த்திராதவர் எனலாம்.

வாத்துகளின் செய்தியும் இவ்வாறே. வீட்டு வாத்துகள் முட்டையின்மேல் பொறுமையாக அமர்வதில்லை. எனவே வாத்து முட்டைகளைக் கோழிக்கு அடை வைப்பது அங்கும் வழக்கம். கேனனின் மனைவியும் முட்டைகளை அவ்வாறே எடுத்துவிடுவார். தன் முட்டையைத் தானே அடைகாக்க ஆசைப்பட்டு, காட்டுக்குச் சென்று நரியின் வலையில் சிக்கிய ஜெமிமா என்னும் வாத்தின் கதை இதிலிருந்து பிறந்தது. அதைக் கேனனின் பிள்ளைகள் இருவருக்கும் காணிக்கையாக்கினார். வாத்தைக் காப்பாற்றும் கெப் என்னும் மேய்ப்பு நாயும் அப்பண்ணையில் மெய்யாகவே இருந்த நாய்தான். கதையில் அந்த நாயுடன் வந்த வேட்டைநாய்க் குட்டிகள், மீட்கப்பட்ட முட்டைகளை ஒரே வாயில் விழுங்கிவிடுகின்றன. குழந்தைகளுக்குரிய கதையில் இதை நீக்கியிருக்கலாமே என்று நம்முள் சிலர் எண்ணலாம். பண்ணையில் வளரும் குழந்தை இதைப் படித்து வியப்படையாது.

பன்றிகளே மிகவும் இக்கட்டானவை. பன்றி அன்புக்குரிய விலங்கு. ஆனால் அது உண்ணும் அளவுக்கு எல்லை இல்லை. தீனிச் செலவு தாங்காது விரைவிலேயே சிலவற்றை விற்க நேர்ந்தது. ஒருமுறை வாங்கிவந்த குட்டிகளுள் ஒரு கறுப்புப் பெண்குட்டி இருந்தது. உயர்குலத்துச் சான்று இல்லாத குட்டியைத் தம் பட்டியில் சேர்க்கமுடியாது என்று கேனன் மறுத்துவிட்டார். அம்மையார் அதைக் கூடையில் இட்டுத் தம் கட்டில் அருகே வைத்து, புட்டியில் பாலூட்டி வளர்த்தார். நாய்க்குட்டியைப்போல் அது அவர் பின்னே சுற்றியதாம். 1913இல் வெளிவந்த பன்றிக்குட்டியின் கதையில் அக்கறுப்புக் குட்டி இடம்பெற்றது. அக்கதை தொடங்குவதே தீனி போதாமல் குட்டிகளைச் சந்தைக்கு அனுப்புவதில்தான். உப்பிட்ட பன்றி இறைச்சியைப் பற்றிய பேச்சும் அதில் மறைக்கப்படவில்லை. கட்டிலருகே ஒரு குட்டி உறங்க, அதன் இனத்தவை கசாப்புக்காரரிடம் சென்றன. இரண்டையும் அறிந்தே ஒருவர் வாழ்ந்தார். நேசம் பொய்யென்றோ, விற்பனை பாவமென்றோ அவர் ஒருபோதும் வாதாடியதாகத் தெரியவில்லை. விலங்கின் பசியையும் நோயையும் பேற்றையும் கண்டு பணிவிடை செய்தவர்க்கே அதன் இறப்பைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்பது நம் கருத்து. கறிக்கடையில் பொட்டலமாக வாங்கிவரும் நாம் அவரை எளிதில் குறைகூற இயலாது.

இந்த ஆண்டுகளில் அவர் ஹில் டாப்பில் நிலையாகத் தங்கினார் என எண்ணிவிடலாகாது. மணமாகாத மகள் பெற்றோரைப் பேணவேண்டும் என்பது அக்கால எதிர்பார்ப்பு. இலண்டனிலிருந்து சில நாள், சில வாரம் என்று திருடியதுபோல் எடுத்த காலத்தில்தான் பண்ணையைக் காண வந்தார். ஆயினும் அவருடைய 23 சிறு கதைநூல்களுள் பாதிக்கு மேற்பட்டவை 1906 முதல் 1913 வரையிலான எட்டாண்டுகளில் வெளிவந்தன. 1909இல் அண்டையிலிருந்த காசில் பண்ணையையும் வாங்கினார். நிலப் பத்திரங்களைக் கவனித்து உதவிய ஹாக்ஸ்ஹெட் ஊர் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸ் அவர்களை 1913 அக்டோபர் 15ஆம் நாள் மணந்தார். அப்போது அவருக்கு வயது 47. இம்முறையும் பெற்றோர் முதலில் எதிர்த்தனர். தம்பதியர் காசில் காட்டேஜ் என்னும் வேறொரு பண்ணை வீட்டில் குடியேறினர். ஹில் டாப் அவருடைய தனியறையாக நிலைத்தது.

மணத்தின் பின் நூல்கள் குறைந்தன. கண்பார்வை மங்கியது ஒரு காரணம். ஆடுகள் மற்றொரு காரணம். முதல் உலகப் போரின்போது ஆட்கள் படைக்குச் சென்றுவிட, ‘ஒரு பெண் உழவர்’ என்ற கையொப்பத்துடன் பண்ணை வேலைக்குப் பெண்கள் வருவதைப் பற்றி 1916இல் டைம்ஸ் இதழுக்கு எழுதினார். மரச் செருப்பும் முரட்டுக் கம்பளிப் பாவாடையும் அணிந்து, மழை வந்தால் தோளில் சாக்கைப் போர்த்துக்கொண்டு நடப்பார். வழியில் எதிர்ப்பட்ட நாடோடி ஒருவர், தம்மைப் போன்ற மற்றொருவர் என்று எண்ணி, நம் போன்றவர்க்கு இந்த மழை கொடியதுதான் என்று ஆறுதல் கூறிச் சென்றாராம். அம்மையார் இதைப் பிறரிடம் மகிழ்ந்து சொல்லிவந்தார்.

இனி அந்த ஆடுகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஹெர்ட்விக் என்பது அம்மலைநாட்டுக்கே உரிய செம்மறி. வடபுலத்துப் பழைய மொழியில் ஆட்டு மேய்ச்சலிடம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. குட்டி கருநிறத்தில் பிறந்து, ஆண்டு ஏற ஏற உடல் சாம்பல் நிறமாக வெளுக்கும். முகம் பனி படிந்ததுபோல் வெண்மையாகும். மயிர் முரடு, ஆனால் மழையும் பனிப்புயலும் அதனை ஊடுருவா. அனைத்தினும் வியப்பானது அதன் நிலப்பற்று. மலைமேல் வேலியோ சுவரோ இல்லாத பொது மேய்ச்சல் வெளியில், ஒவ்வொரு மந்தையும் தனக்குரிய எல்லையைத் தானே அறிந்து அதனுள்ளேயே மேயும். அவ்வெல்லையை ‘ஹீஃப்’ என்பர். இது எவரும் கற்பிப்பதன்று. தாயுடன் முதற்கோடையை அங்கே கழிக்கும் குட்டி, தாயிடமிருந்து பெற்றுக்கொள்வது. இதனால் விளையும் ஒரு முடிவைக் கவனிக்கவேண்டும். ஒரு பண்ணையின் மந்தையை முழுவதும் விற்றுவிட்டால், அந்த அறிவு அன்றே அழிந்துபோகும். வேறிடத்து ஆடுகளைக் கொண்டுவந்து விட்டால் அவை திசைதெரியாமல் சிதறிவிடும். எனவே அந்நாட்டில் பண்ணை கைமாறும்போது மந்தையும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறுவது மரபு. குடியானவர் மாறலாம், ஆடுகள் மாறுவதில்லை.

அம்மையார் ஆடு வாங்கத் தலைப்பட்ட காலம் நல்ல காலமன்று. தரைவிரிப்புக்குப் பயன்பட்ட ஹெர்ட்விக் மயிர், லினோலியம் தரைகளில் பரவியதும் விலை வீழ்ந்தது. பண்ணைகள் ஒவ்வொன்றாக விலைக்கு வந்தன. வாங்க முன்வந்தோர் அங்கே விடுதிகளும் வீட்டுமனைகளும் அமைக்க விரும்பியோர். 1923இல் ட்ரௌட்பெக் பார்க் என்னும் ஏறத்தாழ 2,000 ஏக்கர் மலைப்பண்ணையை அவர் வாங்கினார். அங்கிருந்த ஆடுகள் ஈரல்புழு நோயால் நலிந்து மடிந்துகொண்டிருந்தன. 1926இல் டாம் ஸ்டோரி என்னும் திறமைமிக்க மேய்ப்பரை, அவர் முன்பு பெற்ற கூலியை இரட்டிப்பாக்கி அமர்த்தினார். மறுஆண்டு அவரை ஹில் டாப்புக்குக் கொண்டுவந்து காட்சிக்குரிய ஆடுகளை வளர்க்கும் பொறுப்பை ஒப்படைத்தார். 1930களில் ஹில் டாப்பின் பெண்ணாடுகள் வட்டாரக் கண்காட்சிகளில் பரிசு மேல் பரிசாக வென்றன. கிடாய்களையும் ஆடுகளையும் மதிப்பிடும் நடுவராகவும் அவர் அழைக்கப்பட்டார். முகமெல்லாம் சுருக்கம் விழுந்த மூதாட்டி, குடையூன்றி, ஆட்டைத் தடவிப் பார்க்கும் காட்சியை ஆடவர் நிறைந்த அச்சந்தைகள் முதலில் எவ்வாறு ஏற்றனவோ! 1943இல் ஹெர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் தனது அடுத்த தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்பொறுப்புக்குத் தேர்வான முதற்பெண் அவரே. பதவியேற்குமுன், அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள், அவர் காலமானார்.

அதற்கு முன்பே, 1930இல், லிட்டில் லாங்டேல் தொடங்கிக் கானிஸ்டன் வரை பரந்த 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட பெருநிலம் துண்டு துண்டாக விற்கப்படும் நிலை எழுந்தபோது, முழுவதையும் தாமே வாங்கிப் பாதியை வாங்கிய விலைக்கே நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார். சில ஆண்டுகள் அதன் மேலாண்மையையும் ஏற்றார். கூரை ஒழுகும் குடியானவர் வீடுகள், இடிந்த தொழுவங்கள், வாடகைக் கணக்கு என எதையும் விடாமல் கடிதம் எழுதினார். எளிதில் விட்டுக்கொடுக்கும் முதலாளியல்லர் அவர். கண்டிப்பும் கோபமும் உடையவர் என்றே உடன் பணியாற்றியோர் நினைவுகூர்ந்தனர்.

இறக்கும்போது அவர் விட்டுச்சென்றவை 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும், ஏறத்தாழ பதினைந்து பண்ணைகளும், அவற்றின் ஆடுமாடுகளும். மலைப்பண்ணைகளில் கலப்பற்ற ஹெர்ட்விக் மந்தைகளையே வைத்திருக்கவேண்டும் என்று உயிலில் விதித்தார். ஹில் டாப் வீட்டின் அறைகளைத் தாம் விட்டபடியே வைக்கவும், அதைக் குடியிருக்க விடாதிருக்கவும் பணித்தார். கணவரும் 1945இல் காலமானபின், 1946 முதல் அவ்வீடு மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அன்று முதல் உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் அங்கே வந்து, படிக்கட்டையும் அடுப்பையும் படத்தோடு ஒப்பிட்டு மகிழ்கின்றனர். அவருடைய சாம்பலைச் சாரே ஊரின் அருகே மேட்டுநிலத்தில் தூவியவர் டாம் ஸ்டோரி. எந்த இடம் என்று வெளியே சொல்லவேண்டாம் என்பது அம்மையாரின் விருப்பம்.

அவர் பேணிய ஆடுகளுக்குப் பின்னாளிலும் சோதனைகள் வந்தன. 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. ஒரே வட்டாரத்தில் வாழும் ஹெர்ட்விக் இனத்திலும் பெருந்தொகையானவை அழிந்தன. இனமே அற்றுவிடுமோ என்றஞ்சி அவற்றின் விந்தும் கருவும் உறைநிலையில் சேமிக்கப்பட்டன. ஆயினும் இனம் மீண்டது. 2017இல் லேக் டிஸ்ட்ரிக்டை யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தபோது, மலையழகோடு அம்மந்தைகளின் மேய்ச்சல் முறையும் அதற்கு ஒரு காரணமாயிற்று.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்த ஒன்றையும் குறிப்பிடவேண்டும். பாரோடேல் பள்ளத்தாக்கில் தார்னித்வெய்ட் என்னும் பழைய பண்ணை 2016 ஆகஸ்டில் ஏலத்துக்கு வந்தது. நிலம் ஒரு பகுதியாகவும் வீடு மற்றொரு பகுதியாகவும் பிரித்து விற்கப்பட்டது. நேஷனல் டிரஸ்ட் 300 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 9,50,000 பவுனுக்கு, மதிப்பிடப்பட்ட விலைக்கு வெகுவாக மேலே சென்று, வாங்கியது. வீட்டை வாங்கவில்லை; அது வேறொருவர் கைக்குச் சென்றது. நிலத்தோடு நானூறுக்கு மேற்பட்ட ஹெர்ட்விக் ஆடுகளும் வந்தன. வீடில்லாத பண்ணையில் எந்த உழவர் வந்து குடியிருப்பார், குட்டி ஈனும் இரவில் எங்கிருந்து ஓடிவருவார் என்று அவ்வட்டார உழவர்கள் கேட்டனர். பாட்டர் அம்மையாரின் உயிலுக்கு இது நன்றியன்று என்றனர். இரண்டையும் வாங்கத் தம்மிடம் பொருளில்லை என்றும், வெள்ளத்தடுப்பும் இயற்கைப் பாதுகாப்பும் நிலத்தைச் சார்ந்தவை என்றும் அறக்கட்டளையினர் விளக்கம் தந்தனர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு எனலாம். ஆயினும் நாம் 1906இல் ஹில் டாப்பில் எழும்பிய அந்தப் பக்கத்துக் கட்டையே எண்ணிப் பார்க்கின்றோம். வந்தவர் தமக்கு ஓர் அறை தேடிக்கொள்ளுமுன், இருந்தவர்க்கு ஒரு வீடு கட்டினார்.